ஈரத்துணி மாமா

"வீ...ல்!"

அந்த அலறலில் அடுப்படியில் நின்ற பேச்சித்தாயின் கையிலிருந்து அகப்பை நழுவி விழுந்தது. கூரைமேல் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று பக்கத்து வீட்டுக்குத் தாவியது. கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த தளவாய், வாய் நிறையக் கரித்தூளோடு உள்ளே ஓடி வந்தான்.

அலறியது அவனுடைய அக்காள் மகள். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குரல் மட்டும் தென்காசி ஸ்டேஷனில் ஊதும் ரயிலுக்குச் சமம்.

"என்னக்கா ஆச்சு? எறும்பு கடிச்சிட்டா?"

"எறும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. நனைச்சிட்டா. மாத்துறதுக்கு ஒரு துணி இல்ல" என்றாள் அக்கா சந்தனமாரி. அவள் கண்ணிலும் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

துணி இல்லாமல் இல்லை. அந்தச் சின்ன வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, அதில் வரிசையாகத் துணிகள் தொங்கின. நடக்கிறவர்கள் எல்லாரும் குனிந்து குனிந்துதான் நடந்தார்கள். ஆனால் ஒன்றாவது காய்ந்திருக்க வேண்டுமே!

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் அப்படித்தான். அதை மழை என்றும் சொல்ல முடியாது, மழை இல்லை என்றும் சொல்ல முடியாது. மலையிலிருந்து காற்றோடு பூந்தூறல் வந்துகொண்டே இருக்கும். வெளியூர்க்காரர்கள் "ஆகா, என்ன சுகம்!" என்பார்கள். அவர்கள் கைக்குழந்தையின் துணியைக் காயப்போட்டுப் பார்த்ததில்லை.

பேச்சித்தாய் தன் பழைய சேலை ஒன்றை எடுத்துச் சர்ரென்று கிழித்தாள்.

"அம்மா, இப்படிக் கிழிச்சுக்கிட்டே போனா நீ எதைக் கட்டுவ?" என்றான் தளவாய்.

"அதுக்கு என்னலே செய்ய? புள்ளைய ஈரத்துல போடவா முடியும்?" என்றாள் அம்மா. துண்டுச் சேலையை மகளிடம் கொடுத்துவிட்டு நடவு வேலைக்குக் கிளம்பினாள். தளவாயின் அப்பா இறந்ததிலிருந்து அவள் ஒருத்தியின் உழைப்பில்தான் அந்த வீடு நடந்தது.

தளவாய் ஈரத்துணிகளைப் பார்த்தான். பிறகு வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தான். தெருவில் ஓர் ஆடுகூட இல்லை.

'இந்தச் சாரலில் ஆடெல்லாம் எங்கே போச்சு?' என்று யோசித்தவன் சட்டென்று துள்ளிக் குதித்தான். அவனுக்குத் தெரியும். தெரு ஆடுகள் எல்லாம் ஆதம் பாயின் ரொட்டிக்கடைக்குப் பின்னால் படுத்திருக்கும். உள்ளே பெரிய செங்கல் அடுப்பு. விடியுமுன் விறகு போட்டு மூட்டினால், மத்தியானம் வரை அதன் பின்சுவர் கதகதவென்று இருக்கும். மேலே தகரக் கூரை வேறு நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆட்டுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே!" என்று தலையில் தட்டிக்கொண்டு, துணிகளை வாரிச் சுருட்டி ஓடினான்.

ரொட்டிக்கடை ஆதம் பாய் மாவு படிந்த கையோடு வெளியே வந்தார்.

"என்னலே, என் கடைச் சுவர்ல கோவணம் காயப்போட வந்திருக்கியா?"

"கோவணம் இல்ல பாய், புள்ளத் துணி."

"யாரு புள்ள?"

"என் மருமக!"

பாய் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "ஒனக்கே இன்னும் மூக்கு ஒழுகுது. ஒனக்கு ஒரு மருமகளா? சரி சரி, போடுங்க மாமா, போடுங்க!"

தளவாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆணி அடித்துக் கயிறு கட்டினான். ஆடுகள் அசைபோட்டபடி வேடிக்கை பார்த்தன. கொஞ்ச நேரத்தில் துணிகள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டன. போதாததற்குப் புது ரொட்டி வாசனையும் சேர்ந்துகொண்டது.

அவற்றை அவன் மடித்துக்கொண்டிருந்தபோது, அருவியில் குளித்துவிட்டு வந்த பருத்த மனிதர் ஒருவர் அங்கே வந்து நின்றார். உடம்பெல்லாம் எண்ணெய்ப் பளபளப்பு. இடுப்பில் துண்டு, கையில் பிழிந்த வேட்டி.

"தம்பி, என் வேட்டியையும் அந்தச் சுவத்துல போடேன். மதுரைக்குப் போகணும். கட்டிக்கிட்டுப் போக வேற வேட்டி இல்ல. துண்டோட ரயில் ஏறுனா டிக்கெட் பரிசோதகர் என்ன நினைப்பாரு?"

தளவாய் அதையும் காயப்போட்டுக் கொடுத்தான். அவர் வேட்டியை முகர்ந்து பார்த்தார். "அடடா! பசியைக் கிளப்புதே!" என்று சொல்லி, அவன் கையில் ஓர் அணாவை வைத்துவிட்டுப் போனார்.

தளவாய் அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனாகச் சம்பாதித்த முதல் காசு அது.

அன்று சாயங்காலம் ஆலங்குளத்திலிருந்து சங்கரபாண்டி வந்தான். தளவாயின் பெரியப்பா மகன். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தான். கையில் கடிகாரம், வாயில் எந்நேரமும் கேலி.

"சித்தி, ஆவணியில நல்ல நாள் பார்த்திருக்கு. அச்சன்புதூர்லேர்ந்து சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து தாயையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போவாங்க" என்றான் சங்கரபாண்டி. "தாய்மாமன் தண்டையைப் பத்திக் கவலைப்படாதீங்க. நான் போட்டுடுதேன்."

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை முதன்முதலாக அப்பா வீட்டுக்குப் புறப்படும் நாளில், தாய்மாமன் அதை மடியில் உட்கார வைத்து, இரண்டு காலிலும் வெள்ளித் தண்டை போட வேண்டும். போட்டவன்தான் எல்லார் கண்ணுக்கும் மாமன். பிறகு காது குத்தினாலும் கல்யாணம் நடந்தாலும் அவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

"தாய்மாமன் நான்தானே?" என்றான் தளவாய்.

சங்கரபாண்டி அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீயா? ஒரு கையால டவுசரைப் பிடிச்சுக்கிட்டுல்ல நடக்க! ரெண்டு கையாலயும் தண்டை போட்டா டவுசர் என்னாகும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணன் போடட்டும்லே" என்றாள் அம்மா மெதுவாக. "நம்மட்ட வெள்ளிக்கு வழி ஏது? நீ பக்கத்துல நின்னுக்கோ."

பக்கத்தில் நிற்பதா? ராத்திரியெல்லாம் தொட்டிலை ஆட்டியது யார்? வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணீர் வாங்க மழையில் ஓடியது யார்? குழந்தை முதன்முதலில் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தது யாரைப் பார்த்து? தளவாய் எழுந்து நின்றான்.

"நான் சம்பாதிச்சு வாங்குவேன்" என்றான்.

"அப்படிப் போடு! ஆவணிக்குள்ள நீ வாங்கிட்டா நீயே போடு. இல்லாட்டி நான் போடுவேன். பந்தயம் சரியா?"

"சரி அண்ணாச்சி!"

அன்றிரவு சந்தனமாரி விளக்கடியில் உட்கார்ந்து அவனுடைய டவுசருக்குப் பொத்தான் தைத்தாள். "ரெண்டு கையும் வேணும்லா தம்பி" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. தளவாய் பெரிய அருவிக்குப் போகும் வழியில் நின்று கத்தினான்.

"ஈரத்துணி! ஈரத்துணி!"

வயதான ஒருவர் நின்றார். "அதை எதுக்கப்பா நான் விலைக்கு வாங்கணும்? எங்கிட்டயே நிறைய இருக்கு."

தளவாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது. யோசித்து வியாபாரக் கூவலை மாற்றினான். "ஈரத்துணி தாங்க! காஞ்ச துணியாத் தாரேன்! வேட்டிக்கு ஓரணா, துண்டுக்கு அரையணா!"

இப்போது கூட்டம் திரும்பிப் பார்த்தது. மதியத்துக்குள் ரொட்டிக்கடைச் சுவர் முழுக்க வெள்ளை வேட்டிகள் தொங்கின.

யாருடையது எது என்று தெரிய வேண்டாமா? அதற்கும் ஒரு வழி செய்திருந்தான். ஒரு வேட்டி முனையில் மாவிலை கட்டினான், இன்னொன்றில் கொய்யா இலை, மற்றொன்றில் பலா இலை. அதே இலையில் ஒன்றை உடையவர் கையிலும் கொடுத்தான். இலையைக் காட்டினால் வேட்டி.

வழி நல்ல வழிதான். ஆனால் அந்தச் சுவரோரம் யார் படுத்திருந்தார்கள் என்பதை அவன் மறந்துவிட்டான்.

அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஆடுகள் மாவிலையைத் தின்றுவிட்டன. கொய்யா இலையைத் தின்றுவிட்டன. பலா இலையைத் தின்று ஏப்பமும் விட்டுக்கொண்டிருந்தன. சுவரில் வேட்டிகள் மட்டும் ஒன்றுபோல ஆடின.

முகர்ந்து பார்த்தால் மூக்குப்பொடி எது, சந்தனம் எது என்று தெரிந்துவிடும் என்று நினைத்தான். எல்லாமே ரொட்டி வாசனை!

துண்டு கட்டிய பெரியவர்கள் ஆளுக்கோர் இலையோடு வந்து நின்றார்கள். தளவாய் எச்சிலை விழுங்கினான்.

"ஐயா, இலையை எல்லாம் ஆடு தின்னுட்டு. தப்பு என்னோடதுதான். ஒங்க வேட்டியை நீங்களே பார்த்து எடுத்துக்கோங்க. இன்னைக்கு யாரும் காசு தர வேண்டாம்."

பெரியவர்கள் தங்கள் கையிலிருந்த இலையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சிரித்தார். அது எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. "இது என்னோடது, இங்கன ஒரு பீடிச் சூடு இருக்கு பாரு!" "ஏய், அது எட்டு முழம், என்னோடது பத்து முழம்!" என்று சந்தைபோல ஆகிவிட்டது. கடைசியில் எல்லாருக்கும் வேட்டி கிடைத்தது. பாதிப் பேர் காசும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை தளவாய் வாய்க்கால் கரையில் ஆடுகளின் பின்னாலேயே நடந்தான். அவை எதைத் தின்கின்றன, எதைத் தின்னவில்லை என்று பார்த்துக்கொண்டே போனான். ஆடாதொடைச் செடி பக்கம் வந்ததும் எல்லா ஆடுகளும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன.

"அகப்பட்டீங்களா!" என்றான் தளவாய்.

அடுத்த நாளிலிருந்து எல்லா வேட்டிக்கும் ஆடாதொடை இலைதான். கருவேல முள்ளால் ஒன்றில் ஓர் ஓட்டை, அடுத்ததில் இரண்டு ஓட்டை. உடையவர் இலையிலும் அதே ஓட்டை. ஆடுகள் வந்து முகர்ந்தன, தும்மின, போய்ப் படுத்துக்கொண்டன.

காலையில் அக்காள் மகளின் துணிகள் காயும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுடையது. பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் விடியற்காலையில் மட்டும் கடை. சுவருக்கு வாடகையாகப் பாய் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் தளவாய் தினமும் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி, விறகை எடுத்து அடுக்கிக் கொடுத்தான்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள்கூட, "வேட்டி காயணுமா? ஈரத்துணி மாமாவைப் பாருங்க" என்று கை காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

தென்காசியில் வெள்ளி வேலை செய்யும் பத்தர் ஒருவரின் கண்ணாடிப் பெட்டியில் குட்டித் தண்டை ஒரு ஜோடி இருந்தது. உள்ளே பரல் போட்டது. ஆட்டினால் கலகலவென்று சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் தளவாய் குற்றாலத்திலிருந்து நடந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வந்தான்.

"அது அங்கனயேதாம்லே இருக்கும், ஓடிப்போகாது" என்பார் பத்தர்.

ஆவணி பிறந்தது. சம்பந்தி வீட்டார் வருவதற்கு முதல் நாள், முக்கால்வாசிப் பணம் சேர்ந்துவிட்டது. ஒரு நல்ல கிராக்கி வந்தால் போதும்.

வந்தது! சத்திரத்தில் தங்கியிருந்த கல்யாணக் கோஷ்டி ஒன்று ஒரு மூட்டைத் துணியைக் கொண்டுவந்து இறக்கியது. வண்டியில் வரும்போது எல்லாம் நனைந்துவிட்டதாம்.

"சாயங்காலம் ரயில். அதுக்குள்ள எல்லாம் காஞ்சிருக்கணும்" என்றார் கோஷ்டித் தலைவர். "சரியாச் செஞ்சா நீ கேட்கிறதுக்கு மேலேயே தருவேன். ஈரமா இருந்தா ஒரு காசு கிடையாது."

"காஞ்சிரும் ஐயா!"

தளவாய் சுவர் முழுக்கத் துணிகளைப் பரப்பினான். மனத்துக்குள் தண்டை கலகலத்தது.

அன்று மலை மேலே பலத்த மழை. அருவித் தண்ணீர் செம்மண் நிறமாக மாறி ஓவென்று இறங்கியது. போலீஸ்காரர் விசில் ஊத, ஜனங்கள் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் ரொட்டிக்கடைப் பக்கம் ஒதுங்கினாள். இடுப்பில் மூன்று வயதுப் பையன். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். பையனின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. பல் கிடுகிடுவென்று ஆடியது.

"தம்பி, இங்கன கொஞ்சம் நிக்கட்டுமா?" என்றாள் அவள். "கடையநல்லூர்லேர்ந்து வந்தோம். மாத்துத்துணி மூட்டை தண்ணியோட போயிட்டு. இவரு பஸ் பார்க்கப் போயிருக்காரு. புள்ள உடம்பு ஐஸா இருக்கு."

தளவாய் பையனின் கையைத் தொட்டுப் பார்த்தான். தன் கையை இழுத்துக்கொண்டான். அவ்வளவு குளிர்.

சுவரைப் பார்த்தான். நல்ல சூடு நடுச்சுவரில் மட்டும்தான். அங்கே கோஷ்டியின் பட்டுக்கரை வேட்டிகள் பாதி ஈரத்தோடு தொங்கின. இன்னும் கொஞ்ச நேரத்தில் அடுப்பும் ஆறத் தொடங்கிவிடும். இப்போது எடுத்தால் அப்புறம் காயாது.

பையன் ஒரு தும்மல் போட்டான்.

தளவாய் விறுவிறுவென்று நடுச்சுவர்த் துணிகளை இழுத்து ஓரத்துக்குத் தள்ளினான். மடித்து வைத்திருந்த அக்காள் மகளின் துணிகளை எடுத்துப் பையனின் தலையையும் உடம்பையும் துவட்டச் சொன்னான். தன் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டான். அது அவனுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"அங்கன உக்காரு. முதுகைச் சுவத்துல சாச்சுக்கோ. அந்த ஆடு ஒண்ணும் செய்யாது."

பிறகு பையனின் சொக்காயையும் அந்த அம்மாவின் மேல்முக்காட்டையும் நல்ல சூடு இருந்த இடத்தில் போட்டான். ஆதம் பாய் உள்ளேயிருந்து ஒரு பொறை ரொட்டியை நீட்டினார். பையன் அதைக் கடித்தபடியே ஓர் ஆட்டின்மேல் சாய்ந்து தூங்கிப்போனான். உதட்டில் மெதுவாக நிறம் திரும்பியது.

பஸ் வந்ததும் அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"வேண்டாம்மா. சின்னச் சொக்காய்க்கு நான் காசு வாங்குறதில்ல" என்றான் தளவாய். உண்மையில் அந்தச் சட்டத்தை அப்போதுதான் போட்டான்.

சொன்னபடியே கோஷ்டித் தலைவர் வந்தார். ஒரு வேட்டியைத் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார். முகம் சிவந்தது.

"என்னப்பா இது? பாதிக்குப் பாதி ஈரமா இருக்கு!"

"ஆமா ஐயா. ஒரு புள்ள குளிர்ல நடுங்கிச்சு. நடுவுல கொஞ்ச நேரம் எடுத்துட்டேன். எனக்குக் காசு வேண்டாம்."

"பேசின பேச்சு பேச்சுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆதம் பாய் கல்லாவில் கை வைத்தார். "மாமா, எவ்வளவு குறையுது? சொல்லு, நான் தாரேன்."

"வேண்டாம் பாய். மாமன் சம்பாதிச்சுல்லா போடணும்" என்றான் தளவாய். சட்டென்று குனிந்து சாம்பல் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் தென்காசிப் பத்தர் கடைக்கு அவன்தான் முதல் கிராக்கி.

"ஒரு தண்டை தாங்க."

"ஒரு ஜோடிதானே?"

"இல்ல. ஒத்தை."

பத்தர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "ஏலே, தண்டை என்ன தேங்காயா, மூடி மூடியா விக்க? ஒத்தைத் தண்டையை வாங்கி என்னலே செய்வ? மிச்சத்தை நான் எந்தக் காலுக்கு விக்க?"

"மிச்சத்தை எடுத்து வைங்க. அடுத்த சாரலுக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

பத்தர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒற்றைத் தண்டையை வாழைச்சருகில் மடித்துக் கொடுத்தார்.

அவன் வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் அச்சன்புதூர் வில்வண்டி நின்றது. உள்ளே ஒரே சத்தம். அக்காவின் மாமியார் ஆவுடைத்தாய் நடுவீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சங்கரபாண்டி சலவைச் சட்டையில் பளபளத்தான். குழந்தை புதுச் சொக்காய் போட்டுக்கொண்டு தூங்கியது.

தளவாய் உள்ளே போகவில்லை. கொல்லைப்புறம் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டான். ஒற்றைத் தண்டையை எப்படி எல்லாருக்கும் முன்னால் எடுப்பது?

"நேரம் ஆகுது மதினி. தாய்மாமன் யாரு, வரச்சொல்லுங்க" என்று ஆவுடைத்தாயின் குரல் கேட்டது.

"தளவாய் எங்க?" என்றாள் சந்தனமாரி. "அவன் வரட்டும் அத்தை."

சங்கரபாண்டிதான் அவனைத் தேடிக் கொல்லைக்கு வந்தான். "ஏலே, இங்கனயா ஒளிஞ்சு நிக்க? பந்தயம் என்னாச்சு? சரி, தோத்துட்டேன்னு சொல்லிட்டு வா. ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்ட."

தளவாய் தலையைக் குனிந்துகொண்டு வாழைச்சருகைப் பிரித்துக் காட்டினான்.

"அட! இன்னொண்ணு எங்கலே?"

"இன்னொண்ணுக்குக் காசு வரல அண்ணாச்சி. நேத்து ஒரு புள்ள நனைஞ்சு வந்து நடுங்கிச்சு. அவன் சொக்காயைக் காயப்போட்டதுல நல்ல கிராக்கி போயிட்டு." அவன் கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டான். "நீங்களே போடுங்க. நான் பக்கத்துல நின்னுக்கிடுதேன்."

சங்கரபாண்டியின் வாயில் கேலி வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கிணற்றடி வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, சட்டைப் பையில் கையை விட்டு என்னவோ செய்தான். காகிதம் சரசரத்தது.

திரும்பியபோது அவன் உள்ளங்கையில் ஒரு தண்டை இருந்தது.

"நல்லதாப் போச்சுலே" என்றான். "நானும் ஒண்ணுதான் வாங்கியாந்தேன்."

"ஒண்ணா? பத்தர் ஒத்தையா விக்கவே மாட்டேன்னாரே!"

"ஆலங்குளத்துப் பத்தர் விப்பாரு. கேள்வி கேட்காம வா, நல்ல நேரம் போகுது."

நடுவீட்டில் பாய் விரித்திருந்தது. தளவாய் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சந்தனமாரி குழந்தையை அவன் மடியில் வைத்தாள். அவன் டவுசரைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் வலது காலில் தன்னுடைய தண்டையைப் போட்டான். இடது காலில் அண்ணாச்சியின் தண்டையைப் போட்டான். குழந்தை தூக்கத்திலேயே அவன் விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"ஏட்டி, மாமாவைப் பாரு" என்றான் மெதுவாக. பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆவுடைத்தாய் குனிந்து பார்த்தாள். "அது என்ன, ஒண்ணு தடிமனா இருக்கு, ஒண்ணு மெல்லிசா இருக்கு?"

பேச்சித்தாய் சங்கரபாண்டியைப் பார்த்தாள்.

"தடிமன் பெரிய மாமன் போட்டது, மெல்லிசு சின்ன மாமன் போட்டது அத்தை" என்றான் சங்கரபாண்டி. "ஒங்க பேத்திக்கு ரெண்டு மாமன். எந்த வீட்டுல இருக்கு?"

ஆவுடைத்தாய் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "சின்ன மாமன் போட்ட காலைத்தான் எங்க வாசப்படியில முதல்ல தொட வைக்கணும், அது வலது காலு" என்றாள்.

வண்டிமாடுகள் மணியை ஆட்டின. குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்யச் சங்கரபாண்டி குனிந்தான்.

கலகல!

தளவாய் நிமிர்ந்தான். மடியில் இருந்த குழந்தை காலை அசைக்கவே இல்லை. அவன் காதைத் தீட்டிக்கொண்டு அண்ணாச்சியின் சட்டைப் பையைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒங்க பைக்குள்ள என்னவோ கலகலங்குதே?"

"சில்லறைலே. நீ புள்ளையக் கெட்டியாப் பிடி."